பாஸ் கித்தார்

ஆலயத்தில் கீதங்கள் நான்கு குரலாகப் பாடப்படுங்கால், கேட்போர் செவி பெரும்பாலும் மேற்குரலையே பற்றிச் செல்கின்றது. பாஸ் எனப்படும் கீழ்க்குரலைத் தனியே உற்றுக் கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அக்குரலார் வாராதொழியின், ஏதோ ஒன்று குறைந்ததென்று சபையார் அனைவரும் உணர்வர். குறைந்தது யாதென்று சொல்ல மட்டும் அறியார். இக்காலத்து வாத்தியக் குழுக்களில் அக்கீழ்க்குரலின் தொழிலைச் செய்வது பாஸ் கித்தார். தமிழ்த் திரைப்பாடல்களில் இளையராஜா அவர்கள் அதற்கு அளித்த இடத்தை நம்மவர் பலரும் அறிவர். எனினும், அது கித்தாரின் ஒரு வகையே என்றும், இரண்டு தந்தி குறைந்ததாதலின் எளிதென்றும் எண்ணுவார் நம்மிடையே உளர். அவர் பொருட்டே இதனை எழுதலாயிற்று.

சாதாரணக் கித்தாருக்குத் தந்தி ஆறு. பாஸ் கித்தாருக்கு வழக்கமாக நான்கு. கித்தாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு உரிய ஈ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களே இதற்கும் உரியன. ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கின்றது. பாஸின் தாழ்ந்த தந்தியோ 41 முறையே அதிர்கின்றது. இப்பாதியை அடைவது எங்ஙனம் என்பதே இவ்வாத்தியத்தைச் செய்வோர்க்கு முதற்கண் எழும் வினா. தந்தியின் நீளத்தை இரட்டித்தால் அதிர்வு பாதியாகும். ஆனால் கித்தார்த் தந்தியின் நீளம் 25 அங்குலத்தை ஒட்டியதாதலின், அதனை இரட்டித்தால் வாசிப்போன் கை எட்டாது. இறுக்கத்தைத் தளர்த்தினாலோ தந்தி தொய்ந்து மெட்டுகளில் மோதி இரையும். எஞ்சியது தடிப்பு ஒன்றே. அதிலும் ஓர் இடையூறு உண்டு. மிகத் தடித்த கம்பி தந்தியின் இயல்பை விட்டுக் கோலின் இயல்பை அடைந்து, அதன் மேற்சுரங்கள் சுருதி பிறழ்ந்து ஒலிக்கும். ஆகலின், மெல்லிய எஃகுக் கம்பியை நடுவில் வைத்து, அதன்மீது வேறொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகின்றனர். இதனால் எடை மிகும், வளையுந்தன்மை கெடாது. நீளத்தை 34 அங்குலமாக்கி, தாழ்ந்த தந்தியை ஏறத்தாழ இரண்டே முக்கால் மில்லிமீட்டர் தடிப்பினதாகச் செய்வதே இன்று பெருவழக்கு.

இவ்வாத்தியம் தோன்றுமுன், மேனாட்டுக் குழுக்களில் இத்தொழிலைச் செய்தது டபிள் பாஸ் என்னும் ஆளுயரப் பிடில். அதனை வண்டியில் ஏற்றுவதும் துன்பம். எக்காளங்களுக்கு நடுவே அதன் ஒலி கேட்பதும் அரிது. மெட்டுகள் இல்லாமையால் சுருதி வழுவாது வாசிப்பதும் அரிது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பார் 1930-களிலேயே மெட்டுகளுடைய சிறிய மின்சார பாஸ் ஒன்றைச் செய்து விற்றார். அஃது உலகில் பரவவில்லை. பரவச் செய்தவர் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரத்து லியோ பெண்டர். ரேடியோ பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்தவராகிய இவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரியது. இவர் 1951-ஆம் ஆண்டு வெளியிட்ட பாஸுக்குப் பிரிசிஷன், அஃதாவது துல்லியம், என்று பெயர். மெட்டுகளில் விரல் வைத்த மாத்திரத்தில் சுருதி துல்லியமாக அமைதலே அப்பெயரின் காரணம். வீணை பயின்றார்க்கு இதில் புதுமை ஒன்றும் இராது.

டபிள் பாஸின் ஒலி அதன் மரக்கூட்டிலிருந்து எழுவது. பெண்டரின் கருவியோ உட்கூடில்லாத மரப்பலகை. தனியே மீட்டினால் மெல்லிய முணுமுணுப்பே கேட்கும். தந்திகளின் கீழே காந்தங்களும், அவற்றைச் சூழ மயிரிழை போன்ற செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுக்களும் வைக்கப்பட்டுள்ளன. எஃகுத் தந்தி காந்தத்தின் எல்லைக்குள் அதிருங்கால் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். 1831-இல் பாரடே கண்ட மின்தூண்டலே இது. நமது பௌதிகசாலையில் மாணவர் ஆண்டுதோறும் செய்து பார்ப்பதும் இதுவே. அச்சுருள் அறையிலுள்ள விளக்கு முதலியவற்றின் மின்னிரைச்சலையும் கூடவே பிடித்துக்கொள்ளும். அதற்குப் பரிகாரமாக 1957-இல் பெண்டர் சுருளை இரண்டாகப் பிரித்து, ஒன்றன் காந்தமுனையையும் சுற்றையும் மற்றதற்கு எதிராக அமைத்தார். தந்தியின் ஒலி இரண்டிலும் ஒருங்கு சேரும். இரைச்சலோ ஒன்றையொன்று அழிக்கும். இத்துணை எளிய உபாயத்தை யான் பிறிதெங்கும் கண்டிலேன்.

நிற்க. இம்மின்னோட்டத்தைப் பெருக்கும் கருவியைப் பற்றி இரண்டொரு சொல் கூறவேண்டும். மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளை உணர்வதில் மந்தமுடையது. ஆகலின் கித்தாருக்கு 30 வாட் போதுமான மண்டபத்தில் பாஸுக்குப் பன்மடங்கு ஆற்றல் வேண்டும். 1969-இல் ஆம்பெக் கம்பெனியார் 300 வாட் பெருக்கி ஒன்றைச் செய்து வெளியிட்டமைக்கு இதுவே காரணம். கித்தாருக்கென்றமைந்த சிறு பெருக்கியில் பாஸை இணைத்து உரக்க வாசித்தால், அதன் ஒலிபெருக்கிக் கூம்பு கிழிந்துபோதலும் கூடும். இதனினும் கொடிய அபாயம் ஒன்றுண்டு. வாத்தியத்தின் தந்திகள் பெருக்கியின் நிலக்கம்பியோடு இணைந்திருப்பவை. மூன்று முள் பிளக்கின் நிலமுள்ளை நீக்கிவிட்டு வாசிக்கும் வழக்கம் சிலரிடம் உள்ளது. ஸ்வான்ஸி நகரில் 1972-இல் லெஸ்லி ஹார்வி என்னும் கித்தார் வித்துவான், நில இணைப்புச் செவ்வையாக இல்லாத மைக்கைத் தொட்டு, மேடையிலேயே மின்சாரம் தாக்கி உயிர் துறந்தார். ஆலயத் திருவிழாப் பந்தலில் அவசரமாகக் கம்பி இழுப்போர் இதனை மறத்தலாகாது.

வாங்க விரும்புவோர் முதலில் நோக்கவேண்டுவது நிறத்தையும் பெயரையும் அன்று, தண்டியை. ஒரு விரலால் முதல் மெட்டையும், மற்றொரு விரலால் கடைசி மெட்டையும் அழுத்திப் பிடித்தால், நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் தடித்த காகிதம் நுழையும் அளவே இடைவெளி இருத்தல் நலம். மிகுதியாயின் தண்டி வளைந்துள்ளது என்க. இவ்வளைவை உள்ளிருக்கும் இரும்புக் கோலைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் தண்டி முறுக்கிக்கொண்டிருப்பின் அதனைத் திருத்துவது அரிது. எத்துணை மலிவாயினும் வாங்கற்க. யான் பழையதாக வாங்கிய முதல் பாஸ் இவ்வகையினதே; அதன் மேல் மெட்டுகளில் ஒரு சுரமும் நேரே ஒலிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக வாசித்து இரைச்சல் உண்டோ என்று கேட்க. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களைத் திருகிக் கரகரப்பு உண்டோ என்றும் கேட்க. தோளில் மாட்டிக் கால்மணி நேரம் நின்றும் பார்க்க. நான்கு கிலோ பாரம் கடையில் தோன்றாது, ஆராதனை முடிவில் தோன்றும்.

விலையுயர்ந்ததே சிறந்தது என்பதற்கு மாறாகப் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மக்கார்ட்னியின் பாஸைக் காட்டலாம். அவர் 1961-இல் ஹாம்பர்க் நகரில் ஏறக்குறைய 30 பவுன் கொடுத்து, பிடில் வடிவமைந்த ஹாப்னர் ஒன்றை வாங்கினார். அவர் இடக்கையர்; இருபுறமும் ஒத்த வடிவினதாகிய அது திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தோன்றாதென்பதே அவர் கூறிய காரணம். 1972-இல் களவுபோன அது மீண்டும் கிடைத்ததென்று 2024-இல் அறிவிக்கப்பட்டது.

தந்திகளைப் பற்றி வாசிப்போரிடையே ஓயாத வழக்கு ஒன்றுண்டு. சிலர் திங்கள்தோறும் புதுத்தந்தி கட்டுவர். சிலர் பழையவற்றை வெந்நீரில் கொதிக்கவைத்து மீண்டும் கட்டுவர். டிட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சனோ, தந்தி அறுந்தாலன்றி மாற்றாதவர். வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டுவாராதலின் அவ்விரலைக் கொக்கி என்று நண்பர் அழைத்தனர். மோடவுன் கம்பெனியார் 1960-களில் வெளியிட்டு உலகெங்கும் பரவிய இசைத்தட்டுக்களுள் மிகப் பலவற்றில் ஒலிப்பது அவ்விரலே. பாடினோர் பெயர் அவ்விசைத்தட்டுக்களில் இருந்தது. அவர் பெயர் இல்லை. 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் தொகுதியிலேதான் அது முதன்முதலாக அச்சேறிற்று. 1983-இல் அவர் காலமானார். அதற்குச் சிறிது முன்னரே அவருடைய 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பாஸும் களவுபோயிற்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக் இசைப் புகழ் மண்டபத்தார் பக்கவாத்தியக்காரருக்கென ஒரு பிரிவை முதன்முதலாக ஏற்படுத்தி, அதில் அவர் பெயரையும் சேர்த்தனர்.