தூக்க மாத்திரை: கொஞ்ச நாளைக்கு மட்டும், டாக்டர் சொன்னபடி மட்டும்



மகாராஜபுரம் பகுதிக் குழுக் கூட்டங்களில் சேமிப்பும் கடன் தவணையும் பேசி முடித்த பிறகு, "ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது" என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. ராஜபாளையம் பக்கம் மில்லில் நைட் ஷிப்டு பார்ப்பவர்கள், வீட்டில் சாவு நடந்தவர்கள், கடன் கவலையில் இருப்பவர்கள், மாதவிலக்கு நிற்கும் வயதில் உள்ளவர்கள் என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். உடனே பக்கத்தில் இருப்பவர், "எங்கிட்ட ஒரு மாத்திரை இருக்கு, பாதி போட்டுப் பாரு மதினி" என்பார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதில் ஆபத்து இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

தூக்க மாத்திரை என்ன செய்கிறது?

அல்பிரசோலம், டயஸெபாம், நைட்ரஸெபாம், சோல்பிடெம் போன்றவை மூளையின் வேகத்தைக் குறைத்துத் தூங்க வைக்கின்றன. தூக்கம் கெட்ட காரணத்தை அவை சரிசெய்வதில்லை. துக்கம், அதிர்ச்சி போன்ற நேரங்களில் சில நாட்கள் அல்லது ஓரிரு வாரங்களுக்கு டாக்டர் எழுதித் தருவார். அப்படிச் சாப்பிடுவதில் பயப்பட ஒண்ணும் இல்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு பழகிவிடும். பழைய அளவு போதாது, மாத்திரை இல்லாமல் தூக்கமும் வராது.

ஏன் சீட்டு கேட்கிறார்கள்?

மேலே சொன்ன நான்கு மருந்துகளும் எச்-1 பட்டியலில் உள்ளவை. 2014 மார்ச் 1 முதல் நாடு முழுவதும் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள். அது நம் பாதுகாப்புக்குத்தான்.

பெண்கள் கவனிக்க வேண்டியது

சோல்பிடெம் பெண்கள் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. ராத்திரி போட்டது காலையிலும் மிச்சம் இருக்கும். அதனால் 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. வீட்டுக்காரருக்கு எழுதிய மாத்திரை நமக்குச் சரிப்படாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மாத்திரை எழுதித் தந்தால்

1. எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் அன்றைக்கே கேளுங்கள்.
2. கர்ப்பம், பால் கொடுப்பது, மூச்சுத் திணறல், பலத்த குறட்டை, மற்ற மாத்திரைகள், நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள்.
3. படுக்கப் போகும்போதுதான் போட வேண்டும். ஏழெட்டு மணி நேரம் தூங்க வழியில்லாத ராத்திரியில் வேண்டாம். காலையில் மயக்கம் இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள், மிஷினில் நிற்காதீர்கள், அடுப்படியில் கவனமாக இருங்கள்.
4. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். சளி சிரப், டிரமடால் போன்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.
5. வயதான மாமியார், அம்மாவுக்கு நாமாகக் கொடுக்கக் கூடாது. ராத்திரி எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியும்.
6. நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், படபடப்பு, வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.
7. பெட்டியில் பூட்டி வையுங்கள். குழந்தைகள் கைக்கும், மனசு உடைந்து போயிருப்பவர் கைக்கும் எட்டக் கூடாது. யாராவது அதிகம் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரைக்கு முன்னால்

தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். படுக்கையில் செல்போன் வேண்டாம். அரைமணி நேரம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். நைட் ஷிப்டு முடித்து வந்தவர் தூங்கும் அறையை இருட்டாக்கி, அந்த நேரத்தில் அவரிடம் வேலை சொல்லாமல் இருப்பது வீட்டாரின் பொறுப்பு.

வாரத்தில் குறைந்தது மூன்று ராத்திரி தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாக நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. தைராய்டு, உடம்பு வலி, மனச்சோர்வு என்று உள்ளே வேறு காரணம் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மனசு பாரமாக இருந்தால் டெலி-மானஸ் எண் 14416-ல் இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். "உயிரோடு இருந்து என்ன" என்று யாராவது சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். குழுவில் யார் வீட்டிலாவது பழைய தூக்க மாத்திரை அட்டை கிடக்கிறதா என்றும் கேளுங்கள். நாம் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கலாம், மாத்திரை கொடுக்கக் கூடாது.