வரி கட்டிய கை கணக்கும் கேட்கட்டும்!

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். மற்றவர்களுக்கு அது பழமொழி. வியாபாரிகளாகிய நமக்கோ அதுதான் பிழைப்பு. இரவு கடை அடைக்குமுன் கல்லாவை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப் பார்க்காமல் நாம் வீடு போய்ச் சேர்வதில்லை. எங்கள் தகப்பனார் காலத்தில் நாலணா கணக்கு உதைத்தாலும், கணக்கப்பிள்ளையும் நாங்களும் விளக்கை வைத்துக்கொண்டு பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்போம். அந்த நாலணாவுக்காக அல்ல. கணக்கு உதைக்கும் இடத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்பதற்காக.

நாலணாவுக்கு விழித்திருந்த நாம், வாழ்நாள் முழுவதும் அரசுக்குக் கட்டி வருகிற பணத்துக்கு ஒரு நாளாவது கணக்குக் கேட்டிருக்கிறோமா? "அது பெரிய இடத்துச் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று ஒதுங்கியிருக்கிறோம். அப்படி ஒதுங்குவது சரியல்ல என்பதை அனுபவத்தில் கண்டதால் இதை எழுதுகிறோம்.

விற்பனை வரி காலத்தில் கணக்குப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் நாம். 2007 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தது, அதையும் கற்றுக்கொண்டோம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது, கம்ப்யூட்டர் வாங்கி, பில் போட ஆள் வைத்து, அதையும் கற்றுக்கொண்டோம். கணக்கைத் தாக்கல் செய்யத் தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் வரை தாமதக் கட்டணம். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. சம்பளம் வாங்காமல் அரசுக்கு வரி வசூலித்துத் தருகிற குமாஸ்தாக்கள் நாம் என்று சொன்னால் அது மிகையில்லை.

இந்தப் பணம் நம்முடையது மட்டுமல்ல. கூலி வேலை முடித்து வந்து ஒரு குளியல் சோப்பு வாங்கிப் போகிற அம்மாவும் வரி கட்டுகிறார். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த சோப்புக்கு 5 சதவீதம் வரி. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. அந்த அம்மாவிடம் வரியை வாங்குவது நம் கை. அந்தப் பணம் ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், தெரு வடிகாலில் அவருக்குத் திரும்பி வந்ததா என்று கேட்கும் பொறுப்பும் வாங்கிக் கொடுத்த கைக்கு உண்டல்லவா?

கணக்குக் கேட்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதிலே இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடியும் வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்த விதி இது.

இன்றைக்கும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 266-வது பிரிவு. பட்ஜெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கை வைத்து, கொள்கை விளக்கக் குறிப்பும் தருகிறது. செலவு முடிந்த பின் சி.ஏ.ஜி. என்று பத்திரிகைகளில் நாம் படிக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார். அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வருகிறது. பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்கிறது. 2021 ஆகஸ்ட் 9-ல் தமிழ்நாடு அரசே ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக் கடன் சுமை இருப்பதாகச் சொன்னது. நம் கடைக் கடனை மனப்பாடமாகச் சொல்லுகிற நம்மில் எத்தனை பேர் இந்தக் கடனைக் கவனித்தோம்?

ஆனால் சென்னையில் நடக்கும் தணிக்கை நம் தெரு முனை வரை வந்து எட்டிப் பார்க்காது. தெருவில் நடந்த வேலையைத் தெருவில் இருப்பவன்தான் பார்க்க முடியும். இதை நாட்டுக்குக் காட்டியவர்கள் ராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர்கள். அருணா ராய் முதலானோர் 1990-ல் அங்கே தொடங்கிய தொழிலாளர், விவசாயிகள் சங்கம் 1994 முதல் கிராமங்களில் மக்கள் விசாரணைக் கூட்டம் நடத்தியது. வேலைக் கணக்குப் பதிவேட்டை ஊர் நடுவே படித்தபோது, வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 1996-ல் பியாவர் நகரில் அரசுக் கணக்கின் நகலைக் கேட்டு 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்த ஊர் வியாபாரிகளும் பணமும் பொருளும் கொடுத்து அவர்களுக்குத் துணை நின்றார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. "ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்" என்பது அவர்கள் முழக்கம். நம் பணம், நம் கணக்கு என்று பொருள்.

மாநிலங்களில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்டது தமிழ்நாடுதான், 1997-ல். பிறகு 2005-ல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. ஆவணத்தின் நகலை மட்டுமல்ல, வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைப் பெறவும் அது உரிமை தருகிறது. மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி பார்க்காமல் சரக்கு எடுக்காத நமக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் வேறு ஏது?

சொல்வது எளிது, நீங்கள் செய்தீர்களா என்று கேட்பீர்கள். செய்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பஜாரில் மாநில அரசின் ஒரு துறை மழைநீர் வடிகால் கட்டியது. திறப்பு விழாவுக்குச் சங்கத்தின் சார்பில் மாலையும் கொடுத்தோம். அந்த ஐப்பசி முதல் மழையிலேயே கிழக்குக் கோடிக் கடைகளில் முழங்கால் அளவு தண்ணீர். அடித்தட்டிலிருந்த சீனி மூட்டை கரைந்து ஓடியது. துவரம் பருப்பு ஊறி முளைவிட்டது. சிறிய கடைக்காரர் ஒருவருக்குத் தீபாவளிச் சரக்கு முழுவதும் போயிற்று. கடனுக்கு எடுத்த சரக்கு அது. எங்களிடம் எடுத்ததுதான்.

அலுவலகத்தில் போய் முறையிட்டோம். மழை அதிகம் என்றார்கள். அப்போதுதான் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகிய மூன்றின் நகலைக் கேட்டு மனுப் போட்டோம். முப்பது நாளில் பதில் இல்லை. மேல்முறையீடு செய்த பிறகு வந்தது. அளவுப் புத்தகத்தில் வடிகாலின் நீளம் 210 மீட்டர் என்று எழுதி, அதற்குப் பணமும் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பின்போது நாங்கள் நாலு பேர் நாடா பிடித்து அளந்தோம். 164 மீட்டர். மீதி 46 மீட்டர் காகிதத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் எந்தக் கடைகளில் புகுந்ததோ, அந்த 46 மீட்டர்!

இரண்டு கணக்கையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கம் எழுதி, மேலதிகாரிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பினோம். வசைச் சொல் ஒன்றுகூட எழுதவில்லை. அடுத்த கோடையில் ஆள் வந்து மீதி வடிகாலைக் கட்டினார்கள். கட்டாத வேலைக்கு முன்பே கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்ட இரண்டாவது மனு இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது. விடுவதாக இல்லை.

இதில் மறைக்கக்கூடாத பக்கமும் உண்டு. மனுப் போட்ட மறுவாரம் எங்கள் கடைக்கு எடைச் சோதனைக்கு வந்தார்கள். மனுவுக்காக வந்தார்களோ, முறைப்படி வந்தார்களோ, சொல்வதற்கில்லை. எங்கள் படிக்கல் ஒன்றில் முத்திரைக் கெடு தாண்டியிருந்தது. அபராதம் கட்டினோம். "வீண் வம்பை விலைக்கு வாங்காதீங்க அண்ணாச்சி, இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் எதிர்க் கடைக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்மில் பலர் வாய் திறக்காததற்குக் காரணம் அலட்சியமல்ல, பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் அதிகாரிகள் மட்டுமல்ல. பில் இல்லாமல் இறக்கிய சரக்கும், மலிவாக வருகிறதே என்று வாங்கிப் போட்ட ரேஷன் அரிசியும், கெடு தாண்டிய படிக்கல்லுந்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும். அதோடு, வடிகாலைச் சுத்தம் செய்தபோது அதற்குள்ளிருந்து வந்த சாக்குத் துண்டுகளும் அட்டைப் பெட்டிகளும் யாருடையவை? நம்முடையவை. அரசைக் கேட்குமுன் நம் தராசை நேராக்கிக்கொள்ள வேண்டும். அபராதம் கட்டிய அன்றே எல்லாப் படிக்கல்லுக்கும் முத்திரை வாங்கினோம். அதற்குப் பின் எந்த அலுவலகப் படியேறினாலும் எங்கள் குரல் தாழவில்லை.

அன்பர்கள் செய்யக்கூடியவை இவை:

1. ஒரு மனுவில் ஒரு வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். "ஊழலை விளக்குக" என்று எழுதினால் பதில் வராது. "இந்தத் தெரு வடிகாலின் அளவுப் புத்தக நகல்" என்று எழுதினால் மறுக்க வழியில்லை.

2. தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்கு உரியது. ஆகவே சங்கத்தின் தாளில் மட்டும் எழுதாமல், பொறுப்பாளர் ஒருவர் தம் பெயரில் கையெழுத்திட வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

3. முப்பது நாளில் பதில் வராவிட்டால், அதன்பின் முப்பது நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. நியாயமின்றித் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தாமதக் கட்டணம் நமக்கு மட்டுமல்ல!

4. எந்தக் கட்சி ஆண்டாலும் ஒரே அளவுகோல். நமக்கு வேண்டியவர் ஆளும்போது பேசாமலிருந்து, வேண்டாதவர் வந்ததும் கணக்குக் கேட்டால் அதற்குப் பெயர் அரசியல்.

5. வேலை ஒழுங்காக நடந்திருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். நல்ல சரக்கு அனுப்பிய மில்லுக்கு அடுத்த ஆர்டர் கொடுப்பதில்லையா?

ஆண்டுதோறும் புதுக்கணக்கு எழுதும் நாளில் மஞ்சள் தடவிய பேரேட்டில் வரவு என்றும் பற்று என்றும் எழுதித் தொடங்குகிறோம். இனி ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் பகுதியில் அந்த ஆண்டு நடந்த ஓர் அரசு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கணக்கை வாங்கி, மாதக் கூட்டத்தில் உரக்கப் படித்தால் போதும். தண்ணீரில் சரக்கை இழந்த அந்தச் சிறிய கடைக்காரர் இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார்; பழைய பாக்கியை மாதாமாதம் கொஞ்சமாக அடைத்து வருகிறார். அவர் கணக்கை அவர் ஒழுங்காகத் தீர்க்கிறார். அவருக்குச் சேர வேண்டிய 46 மீட்டர் கணக்கையும் ஒருவர் தீர்க்க வேண்டும். கேட்பது நம் கடமை.