வேலை மாறினால் வீடும் மாற வேண்டும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு காலை வேளை சற்று நேரம் நின்று பாருங்கள். நெடுந்தீவில் இருந்தும் நயினாதீவில் இருந்தும் வரும் படகுகளில் எத்தனை பெண்கள் ஆண் துணை இன்றித் தனியாக வந்து இறங்குகின்றார்கள்! வங்கிக்கு, கந்தோருக்கு, ஆசுபத்திரிக்கு, சந்தைக்கு என்று ஆளுக்கொரு அலுவல். 1985 மே 15ஆம் திகதி இதே கடலில்தான் குமுதினிப் படகில் வைத்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த நினைவு நெஞ்சில் இருக்க, அதே கடலைக் கடந்து போய் வருகின்ற எமது சகோதரிகளுக்கு மாற்றத்தைப் பற்றி யாரும் புதிதாகப் பாடம் சொல்லித் தரத் தேவையில்லை.

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை இராணுவம் கைப்பற்றியபோது வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்கள் கையில் அகப்பட்டதோடு குடாநாட்டுக்கு ஓடி வந்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்தோம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். சைக்கிள் ஓடினோம். அவை எல்லாம் எம்மீது விழுந்த மாற்றங்கள். நாமாகத் தெரிந்தெடுக்கும் மாற்றம் பற்றியே இங்கு பேச வேண்டியுள்ளது.

பனையை எடுத்துக்கொள்வோம். சார்வோலை எடுத்துக் காயவைத்து, வார்ந்து, கடகமும் பெட்டியும் பாயும் இழைப்பது எங்கள் அம்மாமாரின் கைவேலை. ஏறி ஓலை வெட்டுவது ஆண்களின் வேலை. இன்று வீட்டில் ஆண் இல்லாதவள் ஓலை வெட்டவும் கூலி கொடுக்க வேண்டும். போதாக்குறைக்குக் கடகத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துவிட்டது. ஆகவே அதே ஓலையில் கைப்பையும் அலங்காரப் பெட்டியும் செய்யப் பலர் பழகிக்கொண்டார்கள். கை பழகிவிட்டது, கணக்குத்தான் இன்னும் பழகவில்லை. மூன்று நாள் குந்தியிருந்து இழைத்த பைக்கு ஓலைக் காசையும் சாயக் காசையும் மட்டும் கூட்டி விலை சொல்லுகின்றோம். அந்த மூன்று நாட் கூலி எங்கே? ஓலை காயவைத்த நேரம் எங்கே? வாங்கி விற்பவர் அதைக் கணக்கில் விடுவதில்லை. ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் சனம் வருகின்றது. புழுக்கொடியலும் பனாட்டும் கைப்பையும் எமது கையாலேயே அங்கு விற்கப்பட்டால் இலாபம் இடைவழியில் நிற்காது.

புதிய தொழில்களும் வருகின்றன. கடற்பாசி அவற்றில் ஒன்று. சிறு துண்டுகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டால் ஏறக்குறைய 45 நாட்களில் அறுவடை செய்யலாம். ஆழம் குறைந்த கரையோரத்தில் பெண்களாலும் செய்யக்கூடிய தொழில்தான். ஆனால் அக்கரையில் இராமநாதபுரம் கரையோரத்தில் 2013ஆம் ஆண்டையொட்டிக் கடல் சூடேறிப் பாசி அழிந்தபோது அதை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன. பனையை விட்டுவிட்டுப் பாசிக்குப் போகாமல், இரண்டையும் வைத்துக்கொள்வதே புத்தி என்பது என் எண்ணம். கடன் விடயத்திலும் அவதானம் தேவை. நுண்கடனில் சிக்கிய பெண்களின் துயரம் எல்லை மீறிப்போய்த்தான், 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. வாரம் ஒருவர் வாசலில் வந்து நிற்கும் கடனைவிடக் கூட்டுறவுச் சங்கமும் மாதர் சங்கச் சேமிப்பும் மேல்.

(வாழ்வாதார உதவி என்றால் கோழிக்குஞ்சும் தையல் மெசினும் என்றே நினைக்கின்ற நிறுவனங்களுக்கும் ஒரு சொல்: ஊரில் எல்லோருக்கும் மெசின் கொடுத்தால் தைக்கக் கொடுப்பது யார்?)

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது வீட்டுக்குள் நடக்க வேண்டிய மாற்றம். உழைப்பவள் பெண் என்று ஆன பின்பும் விடிய எழும்பித் தண்ணீர் அள்ளுவதும், பின்னேரம் களைத்து வந்து அடுப்பு மூட்டுவதும் அவளேதான். பதினைந்து வயது மகன் பசியோடு வாசலில் குந்தியிருப்பான். தங்கைச்சி உலை வைப்பாள். அவனுக்கும் அரிசி களையத் தெரியவேண்டாமா? "புருசன் இல்லாதவள், இருட்டினாப் பிறகு எங்க போட்டு வாறாள்?" என்று கேட்கும் வாய் பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் வாய்தான். கணவனை இழந்தவளைக் கலியாண வீட்டில் பின்னுக்கு நிறுத்துகின்றோம். அதே வீட்டுக்குப் பலகாரம் சுடுவதற்கு மட்டும் முதலில் கூப்பிடுகின்றோம்.

யாழ்ப்பாணத்தில் அலுவல் முடியும் முன்பே கடைசிப் படகின் நேரம் வந்துவிடும். அதைத் தவறவிட்டால் பிள்ளைகள் அன்றிரவு தனிமைதான். ஒரு ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். ஒருத்தி எல்லோருடைய பொருட்களையும் கொண்டு போகட்டும். அவளுடைய பிள்ளைகளுக்கு அன்று இராச்சாப்பாடு பக்கத்து வீட்டில். அடுத்த கிழமை மற்றவள் படகேறட்டும்.