சைபர் செக்யூரிட்டி படிப்பு: பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்தவுடனும், கல்லூரி இறுதியாண்டு முடியும்போதும் நம் வீடுகளில் எழும் கேள்வி, "அடுத்து என்ன கோர்ஸ் படிக்கலாம்?" என்பதுதான். அந்தப் பட்டியலில் இப்போது சைபர் செக்யூரிட்டியும் சேர்ந்திருக்கிறது. "ஆறே மாதத்தில் எத்திக்கல் ஹேக்கர்", "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று விளம்பரங்கள் வருகின்றன. நகையை அடகு வைத்தோ, வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவிடம் கேட்டோ பெரிய தொகையைக் கட்டிவிடும் குடும்பங்களும் உண்டு.

இது நல்ல துறைதான், வேலையும் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதன் அடிப்படைப் பாடங்களை இலவசமாகவே கற்கலாம். தவிர்க்க முடியாத பெரிய செலவு தேர்வுக் கட்டணம் மட்டும்தான். அதையும் பிள்ளை தயாரான பிறகு கட்டினால் போதும். எதை, எந்த வரிசையில் படிப்பது என்பதே இந்தக் கட்டுரை.

இந்த வேலையில் என்ன செய்கிறார்கள்?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. நோயாளிகளின் பதிவு, பரிசோதனை முடிவுகள், பில் போடுவது எல்லாம் பல நாட்கள் கையால் எழுதி நடந்தன. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல்களைத் தாக்கியவர்கள் பூட்டிவிட்டார்கள் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நெட்வொர்க்கைச் சரியான பகுதிகளாகப் பிரித்து வைக்காததே அவர்கள் உள்ளே வர வழி செய்தது என்றும் சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் தகவல்களை மீட்க முடிந்தது.

இந்த ஒரு சம்பவத்திலேயே சைபர் செக்யூரிட்டியின் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. நெட்வொர்க்கைப் பிரித்து அமைப்பவர் ஒருவர். இரவு பகலாகக் கண்காணித்து, சந்தேகமான நடமாட்டத்தைக் கண்டவுடன் எச்சரிப்பவர் இன்னொருவர். தாக்குதலுக்கு முன்பே பலவீனங்களைத் தேடிச் சொல்பவர், நடந்த பிறகு தடயங்களைச் சேகரிப்பவர், பேக்கப் ஒழுங்காக எடுக்கப்படுகிறதா என்று தணிக்கை செய்பவர் என்று பலர் இருக்கிறார்கள். "ஹேக்கர்" என்ற ஒரே சொல்லில் இவர்களையெல்லாம் அடக்க முடியாது.

முதலில் அடிப்படை

ஒரே அறையாக இருக்கும் பெரிய மண்டபத்தில் தீப்பிடித்தால் எல்லாமே எரியும். அறை அறையாகப் பிரித்துக் கதவு போட்ட கட்டடத்தில் ஓர் அறையோடு தடுத்து நிறுத்தலாம். நெட்வொர்க்கைப் பிரிப்பதும் அப்படித்தான். ஆனால் ஐ.பி. முகவரி என்றால் என்ன, போர்ட் என்றால் என்ன, ஃபயர்வால் எதை அனுமதித்து எதைத் தடுக்கிறது என்று தெரியாத ஒருவருக்கு இந்தப் பாடம் விளங்காது. மனப்பாடம் செய்து தேர்வில் தப்பித்தாலும் நேர்முகத்தில் மாட்டிக்கொள்வார்.

ஆகவே முதல் மூன்று மாதங்களை மூன்று விஷயங்களுக்கு ஒதுக்க வேண்டும்.

முதலாவது, நெட்வொர்க்கிங். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமியில் இதற்கான தொடக்கநிலைப் பாடங்கள் இலவசமாக உள்ளன. மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் கட்டணமின்றிச் சேர்ந்து படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம்.

இரண்டாவது, லினக்ஸ். சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன. "ஓவர் தி வயர்" என்ற தளத்தில் "பேண்டிட்" என்ற இலவசப் பயிற்சி இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டளையைக் கற்றுக்கொண்டு, அடுத்த படிக்கான கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டுப் போல இருந்தாலும் கட்டளைகள் கையில் பழகிவிடும்.

மூன்றாவது, சிறிதளவு பைத்தான். பெரிய மென்பொருள் எழுத வேண்டியதில்லை. ஆயிரம் வரிகள் உள்ள ஒரு கோப்பில் வேண்டிய வரிகளை மட்டும் பிரித்தெடுக்கத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தால் வர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள்ளேயே இன்னொரு கணினியை உருவாக்கிப் பயிற்சி செய்யலாம். 16 ஜி.பி. ரேம் இருந்தால் வசதி, 8 ஜி.பி.யிலும் சமாளிக்கலாம்.

எந்தச் சான்றிதழ்?

பயிற்சி மையம் தன் பெயரில் கொடுக்கும் சான்றிதழ் வேறு, தேர்வு நடத்தும் சர்வதேச அமைப்பு கொடுக்கும் சான்றிதழ் வேறு. பல குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். முதலாவது, வகுப்புக்கு வந்ததற்கான சாட்சி. வேலை விளம்பரங்களில் பெயர் சொல்லிக் கேட்கப்படுவது இரண்டாவது.

ஆரம்ப நிலையில் உள்ளவருக்கு உலகெங்கும் பரவலாக அறியப்பட்டது காம்ப்டியா அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ். 2023 நவம்பரில் வந்த அதன் பாடத்திட்டத்தின் எண் எஸ்.ஒய்.0-701. தேர்வு 90 நிமிடம். அதிகபட்சம் 90 கேள்விகள். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, திரையில் செய்துகாட்ட வேண்டிய கேள்விகளும் வரும். 100 முதல் 900 வரையான அளவில் 750 பெற்றால் தேர்ச்சி. பட்டம் கட்டாயமில்லை. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தொடர்கல்வி மூலம் புதுப்பிக்க வேண்டும்.

பாடங்கள் ஐந்து பகுதிகள்: பொதுவான கருத்துகள் 12 சதவீதம், அச்சுறுத்தல்களும் பலவீனங்களும் 22, பாதுகாப்பு அமைப்புமுறை 18, அன்றாடப் பாதுகாப்புப் பணிகள் 28, நிர்வாகமும் மேற்பார்வையும் 20. அதிக மதிப்பெண் அன்றாடப் பணிகளுக்குத்தான் என்பதைக் கவனியுங்கள்.

எப்படிப்பட்ட அறிவை எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். ஓர் அலுவலகத்தின் லாகின் பதிவில், இரவு 2 மணிக்கு ஒரே வெளி முகவரியிலிருந்து 40 முறை தவறான கடவுச்சொல் முயற்சி செய்யப்பட்டிருக்கிறது. 41-ஆவது முறை கதவு திறந்துவிட்டது. அந்த 40 முயற்சிகளும் ஒரே ஊழியரின் கணக்கில் நடந்திருந்தால் அது ஒரு வகைத் தாக்குதல். 40 ஊழியர்களின் கணக்குகளில், ஆளுக்கு ஒரு முறை, ஒரே கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்திருந்தால் அது வேறு வகை. முதல் வகையைச் சில தவறுகளுக்குப் பின் கணக்கைப் பூட்டும் ஏற்பாடு தடுத்துவிடும். இரண்டாவது வகை அந்த ஏற்பாட்டை ஏமாற்றிவிடும். அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர்தான் தேர்விலும் வேலையிலும் நிற்பார்.

இத்தேர்வுக்கு புரொஃபசர் மெஸ்ஸர் என்பவரின் முழு வீடியோ பாடங்கள் யூடியூபில் இலவசமாக உள்ளன. அடிப்படை தெரிந்தவர் தினம் இரண்டு மணி நேரம் படித்தால் மூன்று நான்கு மாதங்களில் தயாராகலாம். தேர்வுக் கட்டணம் அவ்வப்போது மாறும். காம்ப்டியாவின் தளத்தில் இந்தியாவுக்குரிய விலையை நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், மார்க் ஷீட்டில் இன்னொரு விதமாகவும் இருப்பது சாதாரணம். முஹம்மது என்ற ஒரு பெயருக்கே எத்தனை ஆங்கில எழுத்துக்கோர்வை! இன்ஷியல் இருக்கும் இடமும் மாறியிருக்கும். தேர்வுக்குக் கொண்டுபோகப் போகும் அட்டையைப் பார்த்து, எழுத்து மாறாமல் பதிவு செய்யுங்கள்.

மற்ற சான்றிதழ்கள்

ஐ.எஸ்.சி.2 அமைப்பின் "சர்டிஃபைடு இன் சைபர் செக்யூரிட்டி" இன்னும் எளிய தொடக்கம். 2022-இல் பத்து லட்சம் பேருக்குப் பயிற்சியும் தேர்வும் இலவசம் என்று அந்த அமைப்பு அறிவித்தது. அவர்கள் தளத்தில் இப்போதைய சலுகையையும், தேர்ச்சிக்குப் பின் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகையையும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சி.இ.எச். என்ற எத்திக்கல் ஹேக்கர் சான்றிதழ் நம் ஊரில் அதிகம் விளம்பரமாகிறது, செலவும் அதிகம். அடிப்படை இல்லாமல் நேராக அதில் இறங்க வேண்டாம். ஓ.எஸ்.சி.பி. கடினமானது, ஏறக்குறைய 24 மணி நேரம் செய்முறைத் தேர்வு, பிறகு அறிக்கை எழுத இன்னொரு நாள். சி.ஐ.எஸ்.எஸ்.பி., சி.ஐ.எஸ்.ஏ. இரண்டும் ஐந்து ஆண்டு அனுபவம் கேட்பவை. படிப்பு முடித்த கையோடு சி.ஐ.எஸ்.எஸ்.பி. ஆகலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை வழிகள்

கண்காணிப்பு மைய ஆய்வாளர்: புதியவர்களில் பலர் நுழையும் வாசல். எச்சரிக்கைகளைப் பார்த்து உண்மையா பொய்யா என்று பிரிப்பது வேலை. பெரும்பாலும் ஷிஃப்ட் முறை. இரவுப் பணியும் வரும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஊடுருவல் சோதனையாளர்: நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியோடு பலவீனங்களைத் தேடுபவர். போட்டி அதிகம், செய்முறைத் திறமைதான் பேசும்.

தணிக்கையும் விதிமுறையும்: பி.காம்., பி.பி.ஏ., சட்டம் படித்தவர்களுக்கும் ஏற்ற வழி. இது பெரும்பாலும் பகல் வேலை. நம் பெண் பிள்ளைகள் கணினிப் பட்டம் இல்லை என்பதற்காக இத்துறையை விட்டு ஒதுங்க வேண்டியதில்லை. சைபர் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022-இல் உத்தரவிட்டது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. இவற்றைப் படித்து நடைமுறைப்படுத்த ஆட்கள் வேண்டும்.

ஹெல்ப் டெஸ்க், நெட்வொர்க் உதவியாளர்: நேரடியாக வாய்ப்புக் கிடைக்காதவர்கள் இங்கே ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மாறலாம். இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். இந்த அனுபவம் பின்னால் பெரிதும் உதவும்.

வளைகுடாவிலும் தேவை இருக்கிறது. 2012-இல் சவூதி அராம்கோ நிறுவனத்தில் சுமார் 30,000 கணினிகள் ஒரே தாக்குதலில் பாழாயின. 2017-இல் சவூதி அரசு இதற்கென்றே தேசிய ஆணையம் அமைத்தது. ஆனாலும் அங்கே பெரும்பாலும் அனுபவசாலிகளைத்தான் தேடுகிறார்கள். இங்கே இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போவதே பாதுகாப்பானது. விசிட் விசாவில் போய்த் தேடலாம் என்று பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள்.

எல்லை மீறக் கூடாது

கற்றுக்கொண்ட ஆர்வத்தில் கல்லூரி சர்வரையோ பக்கத்து வீட்டு வைஃபையையோ "சும்மா" சோதித்துப் பார்ப்பது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வழக்கு ஒன்று பதிவாகிவிட்டால் பாஸ்போர்ட் விசாரணையிலும் வேலைக்கான பின்னணி விசாரணையிலும் சிக்கல் வரும். திருடிய கேள்வித்தாள்களை விலைக்கு வாங்கிப் படிப்பதும் வேண்டாம். தெரியவந்தால் சான்றிதழே பறிபோகும். பிறருடைய ரகசியங்கள் நம் கையில் அமானிதமாக ஒப்படைக்கப்படும் தொழில் இது. இங்கே நம்பகத்தன்மையும் ஒரு தகுதிதான்.

பயிற்சி மையத்தில் கேட்க வேண்டியவை

தானாகப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பு தேவைப்படலாம். அப்போது பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

நீங்கள் கொடுப்பது யாருடைய சான்றிதழ்? சர்வதேசத் தேர்வுக் கட்டணம் இந்தத் தொகையில் அடங்குமா? பாடம் நடத்துபவர் இத்துறையில் வேலை பார்த்தவரா? செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? சென்ற ஆண்டு படித்தவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா? இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, அதை எழுத்தில் தருவீர்களா? "வேலை உத்தரவாதம்" என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அப்போது உண்மை தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மாதம், தினம் ஒரு மணி நேரம், மேலே சொன்ன பேண்டிட் பயிற்சியைப் பிள்ளை தானாகச் செய்யட்டும். எந்தப் படியில் மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். மாத முடிவில் அந்த நோட்டு நிறைந்திருந்தால் அடுத்த கட்டத்துக்குத் தைரியமாகப் பணம் ஒதுக்கலாம். இரண்டாவது வாரத்திலேயே நோட்டு நின்றுபோனால் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவருக்கு ஏற்ற வேறு துறையைச் சேர்ந்து தேடுங்கள். கட்டவிருந்த பணம் அதற்கு உதவும்.