முகவரி தவறிய குறுக்குவழிகள்

ஆவடியைக் கடந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை வழியில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில், 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக மாணவர் கைக்கு வந்த கருவிகளில், விண்டோஸோடு கூடவே, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ் லினக்ஸ்’ என்னும் இயங்குதளமும் குடியேறியிருந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு சம்பிரதாயங்கள். ஒன்றுக்கென எழுதிய மென்பொருளை மற்றொன்றில் ஓட்ட விரும்புவோர்க்கு ‘வைன்’ என்னும் இடையாள். ஐகான்களைத் தாமாகவே மெனுவில் நட்டுவைக்கும் முறையின் தோஷங்கள் பிரத்தியட்சமாவது இத்தகைய சங்கமத்தில்தான்.

லினக்ஸில் நாம் சொடுக்கும் ஐகானுக்குப் பின்னால் இருப்பது சில வரிகளே கொண்ட உரைக்கோப்பு; குறுக்குவழி என்பது அதுவே. நிரலின் பெயர், அது கிடக்கும் இடம், அதன் சித்திரம், திறக்கப்போகும் ஜன்னல் தன்னை அறிவித்துக்கொள்ளும் பெயர் ஆகியவை அதில் இருக்கும். நிறுவும் வேளையில் எழுதப்பட்ட அவ்வரிகளை, பின்னர் நிரல் இடம் மாறிற்றா, இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தும் கடமை பெரும்பாலும் எவருக்கும் இல்லை. ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் வாசலில் எழுதிவைக்கும் சென்னை வீட்டுக்காரரின் முன்யோசனைகூட இதற்கில்லை.

வைன் செய்வது இன்னும் விசித்திரம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறைக்காரர் தமது பழைய கணக்கு மென்பொருளை லினக்ஸில் நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மென்பொருள் விண்டோஸில் இருப்பதாகவே எண்ணித் தன் வழக்கப்படி குறுக்குவழிகளை எழுத, வைனின் துணைநிரல் அவை ஒவ்வொன்றையும் விவேகமின்றி லினக்ஸ் மெனுவுக்குப் பெயர்த்துவிடுகிறது. விளைவாக, கணக்கைத் திறக்கும் ஐகானுக்குப் பக்கத்திலேயே அதை அடியோடு அகற்றும் ஐகானும் சம அந்தஸ்துடன் அமர்ந்திருக்கும். போதாக்குறைக்கு, சாதாரண உரைக்கோப்பைத் திறக்கும் உரிமையையும் வைனின் நோட்பேட் கோரிக்கொள்வதுண்டு. இது அத்துமீறல் என்பதே என் அபிப்பிராயம். வைனின் அடைவை ஒருவர் மொத்தமாக அழித்தாலும், அது வெளியே எழுதிவைத்த கோப்புகள் அழிவதில்லை.

ஜன்னலின் அடையாளமும் அவ்வாறே ஊகத்தைச் சார்ந்தது. குறுக்குவழி சுட்டும் நிரல் வேறொரு நிரலை எழுப்பிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டால், எழுதிவைத்த பெயரும் வந்த ஜன்னலின் பெயரும் பொருந்தாமல், ஒரே மென்பொருளுக்குப் பணிப்பட்டையில் இரண்டு ஐகான்கள் தோன்றும். அவற்றுள் ஒன்று முகமற்ற பொதுச் சித்திரமாக நிற்கும்.

தமிழ் இடைமுகத்தில் வேறொரு குறையும் உண்டு. முறையாகத் தயாரித்த கோப்பில் தமிழ்ப் பெயருக்கெனத் தனி வரி எழுத வசதி உண்டு. இயந்திரம் பெயர்த்த கோப்பிலோ நிறுவியில் இருந்த பெயர் மட்டுமே இருக்கும் ஆதலால், தமிழில் தட்டச்சுச் செய்து தேடுபவருக்கு அம்மென்பொருள் அகப்படாது.

இப்பிழைகளைக் கையால் திருத்துவதிலும் ஓர் இடர் உண்டு. பயனர் தம் இல்ல அடைவில் பிரதியெடுத்துத் திருத்திய கோப்பே பொது அடைவில் உள்ளதை மறைத்து முன்னிற்கும் என்பது விதி; நிரல் புதுப்பிக்கப்பட்டு அதன் இடமோ சித்திரமோ மாறும்போது பொதுக்கோப்பு திருந்தினாலும், பயனரின் பிரதி பழைய செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கும். அப்பிரதியை அழித்தால்தான் புதியது மெனுவுக்கு வரும்.