வெள்ளை அணுக்களைப் பெருக்கும் புரதம்

பெஹாலாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் ரோடு வழியே தெற்கே சென்றால் தாக்குர்புகூர் வருகிறது. டாக்டர் சரோஜ் குப்தா 1973ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்குதான் உள்ளது. இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இத்தகைய மருத்துவமனைகளில் கீமோதெரபி பெறுவோரின் குடும்பத்தார், ரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் முதலில் தேடுவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைத்தான்.

அந்தக் கவலை நியாயமானதே. சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். அவற்றுள் பெரும்பான்மை நியூட்ரோஃபில் என்னும் வகை. கிருமி புகுந்தால் முதலில் பாய்ந்து சென்று விழுங்குபவை இவையே. இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. ஆகவே எலும்பு மஜ்ஜை இவற்றை நாள்தோறும் கோடிக்கணக்கில் உற்பத்தி செய்தாக வேண்டும். கீமோதெரபி மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குவது. புற்றணுவோடு மஜ்ஜையும் அடி வாங்குகிறது. நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இறங்கினால் சாதாரணக் கிருமியும் உயிருக்கு உலை வைக்கும்.

மஜ்ஜைக்கு உத்தரவு

மஜ்ஜை தானாக வேகம் கூட்டுவதில்லை. கிருமி புகுந்ததை உணரும் அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்களைச் சுரந்து செய்தி அனுப்புகின்றன. அவற்றில் ஒன்று ஜி-சி.எஸ்.எஃப். இது மஜ்ஜையில் உள்ள இளம் அணுக்களின் மேற்பரப்பில், பூட்டில் சாவி போலப் பொருந்துகிறது. உடனே அவை வேகமாகப் பிரிகின்றன. சீக்கிரம் முதிர்ந்து ரத்தத்தில் இறங்குகின்றன.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் விஞ்ஞானிகள் ரே பிராட்லியும் டொனால்ட் மெட்காஃபும் 1966ல் எலியின் மஜ்ஜை அணுக்களை அகர் கூழில் வளர்த்தார்கள். சில பொருள்கள் சேர்ந்தால் மட்டுமே அவை கூட்டம் கூட்டமாகப் பெருகுவதைக் கண்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் இஸ்ரேலிலும் இது கண்டறியப்பட்டது. உடலில் மிக மிகச் சிறு அளவே கிடைக்கும் இப்புரதத்தைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1986ல் மனித ஜி-சி.எஸ்.எஃப்.பின் மரபணு கைக்கு வந்தது. அதை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, புரதத்தை வேண்டிய அளவு செய்யும் வழி பிறந்தது. 1991ல் அமெரிக்கா இதை மருந்தாக அங்கீகரித்தது. ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2001ல் இதை இந்தியாவில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்தது.

கவனிக்க வேண்டியவை

இந்த ஊசியைத் தோலுக்கு அடியில் போடுவார்கள். கீமோதெரபி முடிந்து 24 மணி நேரமாவது கழித்தே வழக்கமாகத் தொடங்குவார்கள். அதற்கு முன் போட்டால், புதிதாகப் பிரியும் அணுக்களையும் அந்த மருந்தே அழித்துவிடும். இடுப்பு, முதுகு எலும்புகளில் வலி காணலாம். மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதே காரணம். வலி கடுமையானால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லா நோயாளிக்கும் இந்த ஊசி தேவைப்படாது. யாருக்கு வேண்டும் என்பதை டாக்டரே முடிவு செய்வார்.

இது புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்தல்ல. கிருமியைக் கொல்வதும் இல்லை. மாதுளம் பழமும் சூப்பும் உடலுக்குத் தெம்பு தரலாம்; ஆனால் ஊசியின் வேலையை அவை செய்யா.

கீமோதெரபிக்குப் பின் இரண்டாவது வாரம்தான் பெரும்பாலும் அணுக்கள் மிகவும் குறையும் காலம். அப்போது ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை போட்டுப் படுக்க வைத்து விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. நள்ளிரவானாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கீமோதெரபி நடந்து வருவதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்வது அவசியம்.