பாம்பு விஷத்தை முறிக்கக் கம்ப்யூட்டர் வரைந்த மருந்து!
செத்துப் போக வேண்டிய எலிகள் பிழைத்தன

நல்ல பாம்பு கடித்தால் உயிர் எப்படிப் போகிறது தெரியுமா?

நரம்பு கட்டளை இட்டால்தான் தசை அசையும். கட்டளை தசைக்குள் நுழையும் வாசலை விஷம் அடைத்து விடுகிறது. முதலில் கண் இமை சரிகிறது. பேச்சு குழறுகிறது. கடைசியில் மூச்சும் நின்று விடுகிறது!

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடிக்குப் பலியானார்கள் என்று ஓர் ஆராய்ச்சி மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

குதிரை தரும் மருந்து

விஷ முறிவு மருந்தை 1890-களில் உருவாக்கியவர்களில் ஒருவர், பிரெஞ்சு டாக்டர் கால்மெட். இப்போது குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்து எடுத்தால் மருந்து!

பல உயிர்களைக் காத்த மருந்து இது. ஆனால் சிலருக்கு இது ஒத்துக் கொள்வதில்லை. உடம்பு தடிக்கும், மூச்சுத் திணறும்.

குதிரை இல்லாமல் மருந்து செய்ய முடியாதா?

படம் போட்டது கம்ப்யூட்டர்

முடியும் என்று முயன்றவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் பேக்கர். சியாட்டில் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக் கழகப் பேராசிரியர். 2024-ம் ஆண்டு ரசாயன நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

பருப்பிலும் முட்டையிலும் புரதம் இருக்கிறது அல்லவா? நரம்பைத் தாக்கும் பாம்பு விஷமும் ஒரு வகைப் புரதமே. அதன் உருவம் மூன்று விரல்களைப் போல இருக்கும். அந்த விரல்களைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும் புதிய புரதத்தைக் கம்ப்யூட்டர் வரைந்து கொடுத்தது. இயற்கையில் எங்குமே இல்லாத புரதம் அது!

எலிகளுக்கு வந்த சோதனை

காகிதத்தில் வரைந்த சாவி பூட்டைத் திறந்து விடுமா? செய்து பார்த்தால்தானே தெரியும்!

சுசானா வாஸ்குவெஸ் டோரஸ் என்ற பெண் விஞ்ஞானியும், டென்மார்க்கில் ஆராய்ச்சி செய்யும் டிமோதி ஜென்கின்ஸும் மற்றவர்களும் சோதனையில் இறங்கினார்கள். கிருமிகளைக் கொண்டே புரதத்தைத் தயாரித்தார்கள். அது விஷத்தோடு ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். நன்றாக ஒட்டியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள்.

பிறகு எலிகளுக்குக் கொல்லும் அளவு விஷத்தைக் கொடுத்தார்கள். 15 நிமிஷம் கழித்துப் புதிய புரதத்தை ஊசி போட்டார்கள்.

எலிகள் பிழைத்துக் கொண்டன! மருந்தின் வகையையும் அளவையும் பொறுத்து, நூற்றுக்கு 80 முதல் 100 வரை உயிர் தப்பின. 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ பத்திரிகையில் இந்தச் செய்தி வெளியாயிற்று.

அவசரப்படக் கூடாது

எலி பிழைத்தது, மனிதன் பிழைப்பானா? அதற்குத் தனிச் சோதனைகள் வேண்டும். எலிகளுக்குக் கொடுத்தது விஷத்தில் ஒரு பகுதிதான். முழு விஷம் பல பொருள்களின் கலவை. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தைக் கெடுக்கும். அதற்கு இந்தப் புரதம் உதவாது.

ஆகவே பாம்பு கடித்தால் மந்திரம் வேண்டாம். கத்தியால் கீறவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்று உயிர் காப்பது அங்கே இருக்கும் குதிரை மருந்துதான்!